வாசக்காலுக்கு அடியில்

பக்கத்து வீட்டில் வாசக்காலை மாற்றப்போகிறார்கள் என்று என் வீட்டுக்காரர் வந்து சொன்னபோது நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். பழைய வேப்பமரச் சட்டத்தைப் பிடுங்கிவிட்டுத் தேக்கில் வைக்கப்போகிறார்களாம். மகள் கல்யாணத்துக்குள் முடிக்க வேண்டுமாம். அம்பத்தூரில் ஆசாரியிடம் சொல்லி, மேலே லட்சுமி உருவம் செதுக்கி வாங்கியாகிவிட்டதாம்.

"அதுக்கு நீ ஏமே மூஞ்ச தூக்கிகினு கீற?" என்று கேட்டார்.

நான் மூஞ்சியைத் தூக்கவில்லை. பயந்துபோய் இருந்தேன். அந்த வாசக்காலுக்கு அடியில் என் தாலியில் கோத்திருந்த தங்கக் குண்டு ஒன்று இருக்கிறது. அது அங்கே இருப்பது உலகத்தில் என் ஒருத்திக்குத்தான் தெரியும் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் தங்கம் எப்படிப் பக்கத்து வீட்டுக்காரி வாசலுக்கு அடியில் போனது என்று சொல்வதற்கு எங்கள் வீடுகளைக் கட்டிய கதையைச் சொல்ல வேண்டும். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையை விட்டு உள்ளே வந்தால் இப்போது வழி முழுக்கக் குடோன். கண்டெய்னர் லாரி திரும்பும்போது நாம் ஓரமாக ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அப்போது அதெல்லாம் நெல்லு வயல். நாங்கள் வயலோரம் குடிசை போட்டுக்கொண்டு நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்தோம். வயல் மனைகளாக ஆரம்பித்ததும், குடிசைகளைக் காலி செய்யச் சொல்லி ஊருக்குத் தள்ளிக் கொளத்துமேடு என்கிற மேட்டு நிலத்தில் பட்டா கொடுத்தார்கள். ஒரு தொண்டு நிறுவனம் முன்னே வந்தது. சாமான் அவர்கள் பொறுப்பு, உழைப்பு எங்கள் பொறுப்பு. இருபது குடும்பமும் சேர்ந்து இருபது வீட்டையும் கட்ட வேண்டும்.

அதில் ஒரு விதி இருந்தது. எந்த வீடு யாருக்கு என்பது கூரை போட்டு முடிக்கிறவரை யாருக்கும் தெரியாது. முடிந்த பிறகுதான் சீட்டுக் குலுக்குவார்கள். அந்த விதியைக் கொண்டுவந்தவர் இன்ஜினியர். இளவயசு, மெல்லிசான ஆள், கோபமே வராது. ஆவடியில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவராம். வரிசையாக ஒரே மாதிரி வீடு நின்றால்தான் அவருக்குக் கண்ணுக்கு நிறைவு. தன் வீடு எது என்று தெரிந்துவிட்டால் நீங்கள் அதற்கு மட்டும்தான் தண்ணீர் ஊற்றுவீர்கள், மற்றவன் வீட்டுச் சுவர் காய்ந்து வெடிக்கும் என்றார். எங்களை நன்றாகத்தான் புரிந்துவைத்திருந்தார்.

விதி என்ன சொன்னாலும் மனசு கேட்குமா? சித்தாள் வேலை செய்த ஒவ்வொருத்தியும் மனசுக்குள் ஒரு வீட்டைப் பிடித்துவைத்திருந்தாள். நான் பிடித்துவைத்தது வரிசையின் கடைசியில் இருந்த கோடி வீடு. கிழக்குப் பார்த்த வாசல், இரண்டு பக்கமும் காற்று, பின்னால் வேப்பமரம். கல் தூக்கிக்கொண்டு போகும்போதெல்லாம் அந்த வீட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவேன். அடுப்பை எங்கே வைப்பது, கொடியை எங்கே கட்டுவது என்று முடிவுசெய்துவிட்டேன்.

வாசக்கால் வைக்கிற நாள் வந்தது. வீட்டுக்காரிதான் வாசக்காலுக்குப் பூஜை செய்து, அடியில் நவதானியமும் காசும் வைக்க வேண்டும். இங்கே யாருக்கு எந்த வீடு என்றே தெரியாது, யார் வைப்பது? இன்ஜினியருக்கு இந்தச் சிக்கல் தோன்றவேயில்லை. கடைசியில் பெண்கள் கூடிப் பேசி, ஆளுக்கு ஒரு வாசக்கால் என்று நாங்களே பிரித்துக்கொண்டோம். யார் வீட்டுக்கு யார் கை ராசியோ, எல்லாம் நம்ம ஜனம்தானே என்றார்கள். நான் முண்டியடித்துப் போய்க் கோடி வீட்டு வாசலில் நின்றுகொண்டேன். எனக்கு அடுத்த வாசலில் இந்தப் பக்கத்து வீட்டுக்காரி நின்றாள்.

அவளுக்கு அப்போது கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. பூந்தமல்லி பக்கத்திலிருந்து வந்தவள். எவ்வளவு வெயிலிலும் சிரித்துக்கொண்டே கலவை தூக்குவாள். "அந்தப் பொண்ணப் பாருங்கடி, இன்னா சுறுசுறுப்பு" என்று என் காதுபடச் சொல்லாத ஆள் கிடையாது. நானும்தான் கலவை தூக்கினேன். சிரிக்கவில்லை, அவ்வளவுதான்.

எல்லோரும் மஞ்சள் துணியில் நவதானியத்தையும் ஒரு ரூபாய்க் காசையும் வைத்து முடிந்துகொண்டிருந்தோம். அவள் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து ஒரு வெள்ளிக் காசை வெளியே எடுத்தாள். கல்யாணத்துக்கு அவள் தாய்மாமன் கொடுத்ததாம். சுற்றி நின்ற பெண்கள் அத்தனை பேரும், "பாருடி, வெள்ளியே வைக்கிறா" என்றார்கள். என் கையில் இருந்த ஒரு ரூபாய் அப்படியே சுருங்கிப்போனது. நாளைக்கு என் வீடாகப் போகிற கோடி வீட்டுக்கு ஒரு ரூபாய், பக்கத்து வீட்டுக்கு வெள்ளியா? சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். தாலிக் கயிற்றின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தேன். தாலிக்கு இரண்டு பக்கமும் கோத்திருந்த தங்கக் குண்டுகளில் ஒன்றை உருவினேன். அதையும் ஒரு ரூபாயோடு துணிக்குள் போட்டு முடிந்து, வாசக்காலின் கீழ்ச்சட்டத்துக்கு அடியில் தள்ளி, கலவையை அள்ளிப் பூசினேன். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது.

சீட்டுக் குலுக்கியபோது கோடி வீடு அவளுக்கு வந்தது. எனக்கு அவள் வெள்ளிக் காசு வைத்த வீடு.

அன்றைக்கு நான் அழுததைக் குடிசையை விட்டு வருகிற துக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். வாசக்காலுக்கு என்று வைத்ததை எடுத்தால் வீட்டுக்கு ஆகாது. அதனால் கேட்கவும் முடியாது. கேட்டால், ஏன் வைத்தாய் என்று முதலில் கேட்பார்கள். வீட்டுக்காரரிடம், ஏரி மதகில் குளிக்கும்போது குண்டு நழுவித் தண்ணீரில் போய்விட்டது என்று சொன்னேன். பாவம், அரை நாள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று காலால் துழாவிக்கொண்டிருந்தார்.

கூரையோடு கூட்டு வேலை முடிந்தது. தரை போடுவது அவரவர் பாடு. வீடுகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிய ஆரம்பித்தது அந்தத் தரையில்தான். அதற்கு முன்பு இருபதும் ஒரே அச்சு: வெளிறிய மஞ்சள் சுவர், பச்சைக் கதவு, முன்னால் இரண்டு படி. முதல் மாதம் ஆடுகள்கூட வீடு மாறிப் போயின. வேலையிலிருந்து வந்த ஆம்பளைகள் அடுத்த வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றிவிட்டு, சோறு போடு என்று உட்கார்ந்தார்கள். அப்புறம் ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒன்று மாறியது. ஒருவர் கதவில் சாமி படம் ஒட்டினார். ஒருத்தி சமையலறை ஜன்னலை அகலமாக உடைத்து, அதில் ஷாம்பு பாக்கெட்டும் முறுக்குச் சரமும் தொங்கவிட்டுக் கடையாக்கிவிட்டாள். இன்ஜினியர் புகை போகக் கூண்டு வைத்துக் கட்டிக்கொடுத்த சமையலறையில் யாரும் சமைக்கவில்லை. பின்னால் ஓலை போட்டு அங்கே அடுப்பை வைத்துக்கொண்டு, சமையலறையில் பீரோவையும் சாமியையும் வைத்தோம். நடுவில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பேச என்று வட்டமாக ஒரு சிமெண்ட் மேடை போட்டிருந்தார். அதில் மிளகாய் காய்ந்தது, வடாம் காய்ந்தது, பிறகு பைக் நின்றது. மனுசர்கள் உட்காரவில்லை. அங்கே உட்கார்ந்தால் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாதே.

நான் என் வாசக்காலின் கீழ்ச்சட்டத்தில்தான் உட்காருவேன். வாசற்படியில் உட்காரக் கூடாது என்று என் மாமியார் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். அங்கே உட்கார்ந்தால்தான் கோடி வீட்டு வாசல் முழுதாகத் தெரியும்.

அவள் சிவப்புச் சிமெண்டில் தரை போட்டாள். குனிந்தால் முகம் தெரிந்தது. அதே மேஸ்திரியைக் கூப்பிட்டு நானும் சிவப்புத் தரை போட்டேன். நனைக்கிறதுக்குப் பொறுமை இல்லாமல் மூன்றாம் நாளே நடந்தோம். திட்டுத்திட்டாக வெளுத்து, கரப்பான் வந்த தோல் மாதிரி ஆகிவிட்டது. அவள் மயில் வைத்துக் கிரில் கேட் போட்டாள். மயிலுக்கு மயில் என்றால் ஊர் சிரிக்கும் என்று நான் அன்னம் வைக்கச் சொன்னேன். வெல்டிங்காரன் கழுத்தைக் குட்டையாக வளைத்துவிட்டான். இன்றுவரை எல்லோருக்கும் அது வாத்து. அவள் டைல்ஸ் போட்டாள், நானும் போட்டேன். அவள் வாசலில் விளக்கு வைத்தாள், நானும் வைத்தேன். என் விளக்கில் மட்டும் பல்லி குடித்தனம் பண்ணியது.

முருங்கை நட்டவள் நான். எங்கள் பின்பக்கம், என் கையால், என் வீட்டுப் பாத்திரம் கழுவிய தண்ணீரில் வளர்ந்த மரம். அது சொன்ன பேச்சுக் கேட்காமல் அவள் பக்கம் சாய்ந்து, அவள் பக்கமே காய்த்தது. என் பக்கம் கம்பளிப்பூச்சி. ஒவ்வொரு தடவையும் காயைப் பறித்து, "யக்கா, உன் மரத்துக் காய்" என்று பாதியைக் கொண்டுவந்து கொடுப்பாள். அந்த உன் மரம் என்கிற வார்த்தையைக் கேட்டால் எனக்கு இன்னும் எரியும்.

தொண்டு நிறுவனத்துக்காரர்கள் வெளியூர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவார்கள், ஜனங்கள் எப்படி வீட்டைத் தங்கள் வசமாக்கிக்கொண்டார்கள் பாருங்கள் என்று காட்டுவதற்கு. வருகிறவர்கள் நேராகக் கோடி வீட்டு முன்னால் போய் நின்று போட்டோ எடுப்பார்கள். ஒரு தடவை நான் புதுப்புடவை கட்டிக்கொண்டு வாத்து கேட்டைத் திறந்துவைத்து நின்றேன். என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள், படத்தில் விழுகிறேனாம்.

அவள் தையல் மிஷின் போட்டாள், ரவிக்கை தைத்தாள். அவள் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டினார். இரண்டு பேரும் சேர்ந்து மாடி எடுத்துவிட்டார்கள். ஐயப்பன்தாங்கல் டெப்போவில் பஸ் பிடித்துக் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிற ஒரு தென்காசி ஜோடி வாடகைக்கு வந்தது. அன்றிலிருந்து எங்கள் தெருவுக்கு அடையாளமே மாறிவிட்டது. பார்சல் கொண்டுவருகிற பையனிடம் என் வீட்டுக்காரர் போனில் வழி சொல்லும்போது, "மாடி ஊடு ஒண்ணு வரும் பாரு, அதுக்குப் பக்கத்து ஊடு" என்பார். என் வீட்டுக்கு என்று ஒரு பெயர் இல்லை. அவள் வீட்டுக்குப் பக்கத்து வீடு, அவ்வளவுதான். மாடியில் அவள் ஒரு திருஷ்டிப் பொம்மையும் தொங்கவிட்டாள். ஊரில் எத்தனையோ திசை இருக்க, அது என் வாசலைப் பார்த்துத்தான் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

இதற்கெல்லாம் காரணம் எனக்குத் தெரியும். என் தங்கம். அவள் வாசலுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு அது இழுத்துக் கொடுக்கிறது. என் வாசலுக்கு அடியில் வெறும் வெள்ளி. வெள்ளிக்குத் தகுந்த வாழ்க்கைதானே வரும்? என் வீட்டுக்காரர் குடோனில் வாட்ச்மேன் வேலைக்குப் போனபோதும், மழையில் என் கூரை மட்டும் ஒழுகியபோதும், நான் அந்தக் குண்டைத்தான் நினைத்துக்கொண்டேன். ஆடிப்பெருக்குக்குப் பெண்கள் எல்லோரும் கூடிப் புதுத் தாலிக் கயிறு மாற்றுவோம். என் தாலியில் ஒரு பக்கம் குண்டும் ஒரு பக்கம் பவழ மணியுமாக இருக்கும். அவள் அதைப் பார்ப்பாள், உடனே பார்வையைத் திருப்பிக்கொள்வாள். பணத்திமிர் என்று நினைப்பேன்.

போன வருடம் என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் வீடு தெரியாமல் நேராக அவள் வீட்டுக்குள் போய்விட்டார்கள். அவள் அவர்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பிறகு தானே என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். "தங்கமான பொண்ணு" என்று என் மகளைப் பற்றி வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா என் வீட்டில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க ஜன்னல் வழியாக அந்த மாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடம் அமையவில்லை. அதே மாதத்தில் அவள் மகளுக்கு நிச்சயமாகிவிட்டது. அன்றைக்கு நான் முடிவெடுத்தேன். என்றைக்காவது ஒருநாள் அந்தக் குண்டை எடுத்துவந்துவிட வேண்டும். அதை எடுத்துவந்து என் தாலியில் கோத்துக்கொண்டால்தான் என் வீட்டுக்கு விடிவு.

அதனால்தான் வாசக்காலை மாற்றுகிறார்கள் என்று கேட்டதும் கையில் கீரை நின்றுவிட்டது. இதைவிட்டால் நேரம் கிடையாது. மேஸ்திரி கையில் சிக்கினால் போச்சு, அவள் கையில் சிக்கினால் அதைவிடப் போச்சு.

நல்ல நேரம் பார்த்து, வெள்ளிக்கிழமை காலையில் ஆரம்பித்தார்கள். கூப்பிடாமலே போய் நின்றேன். "நீ உள்ள வேலையப் பாருடி, நான் இங்க நின்னு பாத்துக்கறேன்" என்றேன். அவள் சந்தோஷமாக, "நீ இருந்தா போதுங்க்கா" என்று சொல்லிவிட்டுக் காப்பி போட உள்ளே போனாள். மேஸ்திரி கடப்பாரையை விட்டு நெம்பினார். ஆசாரி மேல்சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். வேப்பமரச் சட்டம் கரகரவென்று சத்தம் போட்டு எழுந்தது. அவர்கள் அதைத் தூக்கி ஓரமாகச் சாய்ப்பதற்குள் நான் குந்தி உட்கார்ந்து கையை விட்டுவிட்டேன்.

மக்கிப்போன துணி நூல் நூலாக வந்தது. நவதானியம் தவிடாகியிருந்தது. கறுத்துப்போன ஒரு ரூபாய் கிடைத்தது. மண்ணை இரண்டு கையாலும் அள்ளி விரல் இடுக்கில் சலித்தேன். தங்கம் இல்லை.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "மேஸ்திரி, கைய தொற" என்றேன்.

"இன்னாக்கா?"

"கைய தொறன்னு சொல்றேன்."

இரண்டு கையையும் விரித்தார். சுண்ணாம்பும் காப்புக் காய்த்த தோலும்தான் இருந்தன. "சட்டப் பையக் காட்டு" என்றேன். அவர் முகம் மாறியது. "இந்தக் கொளத்துமேட்டுல எத்தினி ஊட்டுக்கு வேல பாத்துகீறேன், ஒரு ஆணி எடுத்துகினு போனேன்னு யாராவது சொல்லுவாங்களா?" என்றார். சத்தம் கேட்டுக் கடைக்காரி வந்தாள். மாடியிலிருந்து அந்தத் தென்காசிப் பெண் எட்டிப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"இன்னாமே காணோம்?"

"என் தாலிக் குண்டு. இதுக்குக் கீழதான் வச்சேன். நானே என் கையால வச்சேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. என் வீட்டுக்காரர் என்னையும் குழியையும் மாறி மாறிப் பார்த்தார். "மதகுல போச்சின்னியேமே" என்றார்.

காப்பித் தட்டோடு அவள் வெளியே வந்து நின்றாள். தட்டை மெதுவாக ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"மேஸ்திரிய ஒண்ணியும் சொல்லாதக்கா. அது இங்க இல்ல. உன் ஊட்டு வாசக்காலுக்குக் கீழ கீது."

எனக்குப் புரியவில்லை. புரிகிற மாதிரி அவளே சொன்னாள்.

"நீ செவுத்துப் பக்கம் திரும்பிகினு கயித்த கடிச்சி அவுத்தத நான் அன்னிக்கே பாத்தேன். சீட்டுல எனக்கு இந்த ஊடு வந்திச்சா, எனக்கு அழுகையே வந்துட்ச்சி. இன்னொருத்தி தாலிய மிதிச்சிகினு நான் எப்டிக்கா உள்ள போய் வந்துகினு இருப்பேன்? தரை போடறதுக்கு முன்ன, ஒரு மத்தியானம், யாரும் இல்லாதப்ப கம்பிய உட்டு நோண்டி எடுத்துட்டேன். உன் வாசக்காலுக்குக் கீழ நான் வச்ச வெள்ளிக் காசு இருந்திச்சே, அதுகூடவே சேத்து வச்சி, கலவ போட்டுப் பூசிட்டேன்."

"எங்கையில குடுத்திருக்கலாமேடி" என்றேன்.

"வாசக்காலுக்குன்னு வச்சத திரும்ப கையில குடுக்கக் கூடாதேக்கா."

"சொல்லியாவது இருக்கலாம்."

"நீ மதகுல போச்சின்னு அண்ணன்கிட்ட சொன்னது காதுல உயுந்திச்சி. நான் போய் சொன்னா உங்களுக்குள்ள சண்டையாயிடும். ஒவ்வொரு ஆடிக்கும் உன் கயித்தப் பாக்கறப்ப சொல்லிடலாமான்னு வாய் வரைக்கும் வரும்."

அதோடு நிறுத்தியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவள் கடைக்காரியிடமும் மேஸ்திரியிடமும் திரும்பிச் சொன்னாள். "நாங்கள்ளாம் காசு வச்சோம், வெள்ளி வச்சோம். யாருக்கு வரப்போற ஊடுன்னே தெரியாம, தாலித் தங்கத்தையே அவுத்து வச்சது இவங்க ஒருத்திதான். அந்த மனசு யாருக்கு வரும்? என் பொண்ணுக்கு அத்தச் சொல்லிச் சொல்லித்தான் வளத்தேன்."

மேஸ்திரி கோபத்தை மறந்து என்னைப் பார்த்தார். கடைக்காரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர்கூட ஏதோ கோயில் வாசலில் நிற்பதுபோல நின்றார். இவளுடைய வெள்ளிக் காசைத் தாங்க முடியாமல்தான் வைத்தேன், கோடி வீடு எனக்கு வரும் என்று நினைத்துத்தான் வைத்தேன் என்று அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? நான் எரிந்து எரிந்து பார்த்துக்கொண்டிருந்த வருடங்கள் முழுக்க, அந்த மனுசி என்னைப் பெரிய மனசுக்காரி என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். முருங்கைக்காயில் பாதி அதனால்தான் வந்தது போலிருக்கிறது.

அவள் மகள் தட்டில் மஞ்சள் துணியும் நவதானியமும் எடுத்து வந்தாள். நடுவில் ஒரு தங்கக் காசு இருந்தது. "பெரிம்மா, நீங்களே உங்க கையால வைங்க. அம்மா அப்பவே சொல்லிட்டாங்க" என்றாள். நான் முடிந்து வைத்தேன். முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்ததைப் பார்த்துவிட்டு, சந்தோஷத்தில் கை ஓடவில்லை என்று அம்மாக்காரி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். காசு என் குண்டைவிடப் பெரியது. அந்த நேரத்திலும் எனக்கு அது கண்ணில் பட்டது.

தேக்கு வாசக்கால் ஏறி நின்ற பிறகு நானும் என் வீட்டுக்காரரும் வீட்டுக்கு வந்தோம். என் வீட்டு வாசலுக்கு வந்ததும் இரண்டு பேருக்கும் உள்ளே கால் வைக்க வரவில்லை. வேப்பமரச் சட்டம், நடுவில் நான் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழவென்று ஆகிவிட்ட இடம். தங்கமும் வெள்ளியும் சேர்ந்து இத்தனை காலம் என் வீட்டுக்கு அடியில்தான் இருந்திருக்கின்றன. அவள் வாசலுக்கு அடியில் இருந்தது ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாயை வைத்துக்கொண்டுதான் அவள் தரை போட்டாள், மிஷின் போட்டாள், மாடி எடுத்தாள், மகளுக்குக் கல்யாணம் வைத்துவிட்டாள். நான் தங்கத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு அதை வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

"நோண்டிப் பாப்பமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"வாணாம்."

மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டார். "அன்னிக்கு மதகுல அட்டை கடிச்சிதுமே" என்று சொல்லிவிட்டு, சட்டத்தை மிதிக்காமல் காலை அகலமாக எடுத்துவைத்து உள்ளே போனார்.

அன்று முதல் நான் வாசக்காலில் உட்காருவதில்லை. கீழே இறங்கிப் படியில் உட்காருகிறேன். அங்கிருந்தும் அவள் வாசல் தெரிகிறது; தேக்கு, லட்சுமி, மாவிலை. பொறாமை போய்விட்டதா என்றால், போகவில்லை. அவள் தரை போட்டபோது நான் தரை போட்டேன், அவள் கேட் போட்டபோது நான் கேட் போட்டேன். எல்லாவற்றுக்கும் அவள் மேஸ்திரியையே கூப்பிட்டுக்கொண்டேன். இப்போது நான் அவளிடம் பார்த்து எரிவது வேறு ஒன்று. ஒரு மத்தியானம், யாரும் பார்க்காதபோது, கைக்கு வந்த தங்கத்தைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தாளே, அந்த மனசு. அதைக் கட்டித்தர எந்த மேஸ்திரியைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.